பறவைகளை எண்ணப் போவோர்க்கு

பறவைகளை எண்ணுவதற்கு அப்படியென்ன பெரிய படிப்பு வேண்டும் என்று கேட்போர் நம்மிடையே உளர். கண் தெரிந்து கணக்கும் தெரிந்தாற் போதாதா என்பது அவர்கள் எண்ணம். போதாது, அவை இரண்டிற்கும் மேலாகப் பொறுப்பு என்ற ஒன்றும் வேண்டும்.

ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் ஆசிய நாடுகள் பலவற்றிலே தொண்டர்கள் நீர்நிலைகளுக்குச் சென்று பறவைகளை எண்ணி வருகின்றனர். 1987 ஆம் ஆண்டில் ஆரம்பமான ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இது. மன்னார் மாவட்டத்து வங்காலைச் சதுப்பு நிலங்களிலே பூநாரையும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் கூடியிருக்கும் காலமும் அதுவே.

இவ்வெண்ணிக்கையால் ஆவதென்ன? ஈரநிலங்களைப் பேணுவதற்காக 1971 ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரிலே ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஒரு நிலம் 20,000 நீர்ப்பறவைகளை வழக்கமாகத் தாங்குமாயினும், ஓர் இனத்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாங்குமாயினும், அந்நிலம் உலக முக்கியத்துவம் பெறத் தகுதியுடையதென அவ்வுடன்படிக்கையின் விதிகள் கூறும். வங்காலை 2010 ஆம் ஆண்டில் அப்பட்டியலிற் சேர்ந்தது. ஆகவே, தொண்டர் எழுதும் எண் ஒரு சாட்சியம். பொய்ச்சாட்சி எவ்வழக்கையும் கெடுக்குமன்றோ?

சில ஆண்டுகளின் முன் மாணவர் சிலருடன் நாம் ஒரு களப்புக் கரைக்குச் சென்றிருந்தோம். எண்ணத் தொடங்கிச் சிறிது நேரமே ஆயிற்று. மாணவன் ஒருவன் படமெடுக்கும் ஆசையால் கமராவுடன் முன்னே ஓடினான். மறுகணம் வாத்துக்கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிட்டது. “சேர், போன வருசக் கணக்கையே போட்டுவிடுவோமே, யார் பார்க்கப் போகினம்?” என்றான் மற்றொருவன். வெறுந்தாளுடன் திரும்புவதா என்ற தயக்கம் நமக்கும் இருந்தது. ஈற்றில், “பறவைகள் கலைந்தன, எண்ணல் முற்றுப்பெறவில்லை” என்றே எழுதினோம். உண்மையிற் பிழை அம்மாணவனுடையதன்று. முன்னரே சொல்லிவைக்காத நம்முடையதே.

சொல்லியிருக்க வேண்டியவை இவை. வலசை வந்த பறவை, திரும்பும் நெடும்பயணத்திற்கான கொழுப்பை இங்கேதான் உண்டு சேர்க்கின்றது. நாம் அதனை வீணே எழுப்புந்தோறும் அச்சேமிப்புக் கரைகின்றது. எனவே தொலைவில் நின்று தொலைநோக்கியாற் பார்த்தல் வேண்டும். பறவைகள் தலைநிமிர்ந்து நம்மை நோக்கத் தொடங்கினால், அதுவே நின்றுகொள்ளுமாறு அவை தரும் அறிவித்தல். மணலிலே முட்டையிடும் ஆலாக்களின் பக்கம் காலடி வைத்தலே கூடாது. வெயிலில் தாய் எழுந்து சென்றால் முட்டைகள் கருகிவிடும். கூடு இருக்கும் இடத்தைக் கைத்தொலைபேசி வழியே ஊரெங்கும் பரப்புதலும் தகாது. பிறர் காணிக்குள் அனுமதி கேட்டே நுழைதல் வேண்டும்.

பெருங்கூட்டத்தை எண்ணும்போது முதலில் நூறு பறவைகளை எண்ணி, அந்நூறு எவ்வளவு இடத்தை அடைக்கின்றதெனக் கண்டு, அத்தகைய பகுதிகள் எத்தனை என மதிப்பிடலாம். அவ்வாறு பெற்றதை மதிப்பீடு என்றே குறித்தல் நேர்மை. இனம் தெரியாத உள்ளானை “இனம் தெரியாத உள்ளான்” என்று எழுதுவதில் இழிவில்லை. ஒரு பறவையுமே இல்லாத குளத்திற்குப் பூச்சியம் இடவும் அஞ்சுதல் வேண்டா. நேற்று நிறைந்திருந்த குளம் இன்று வெறுமையாயிற்று என்பதை அறிவிப்பது அப்பூச்சியமே.

மாணவர்களே, இவ்வேலையில் உங்களைக் கண்காணிப்பார் எவருமில்லை. சேற்றுக்கரையில் நீங்கள் எழுதும் எண்ணைப் பின்னொரு காலத்தில் முகமறியாத ஒருவர் நம்பி எடுத்துப் படிப்பார். அந்த நம்பிக்கைக்கு உரியவராய்ச் சென்று வாருங்கள்.