குடியம் காட்டில் குனிந்து பாருங்கள்

டீ ஆறட்டும், அவசரமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காட்டில் நடக்க இடம் கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது குடியம்தான். ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிப் பக்கம் வரவேண்டும். குடியம் ஊரைத் தாண்டினால் அல்லிக்குழி மலைக் காப்புக்காடு. உள்ளே சில கிலோமீட்டர் நடை. முள்புதர், காலடியில் உருளும் கூழாங்கல், நிழல் குறைவு. கடைசியில் கூரை இறக்கியதுபோல் முன்னே நீண்டு நிற்கும் பாறைக்குகை. உள்ளே ஊரார் கும்பிடும் அம்மன், மேலே தேனடைகள். சத்தம் போட்டால் அம்மன் பொறுத்தாலும் தேனீ பொறுக்காது.

குகையை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். வழியெல்லாம் குனிந்து பாருங்கள். தண்ணீரில் உருண்ட கல் எல்லாப் பக்கமும் மழமழவென்றிருக்கும். மனிதன் தட்டிய கல்லில், சிப்பியின் உள்பக்கம் போலக் குழிந்த வடுக்கள் இருக்கும். ஒரு வடு தற்செயலாக விழலாம். பத்து வடு இரண்டு முகத்திலிருந்தும் வந்து ஒரே விளிம்பில் கூடினால், அது கைவேலை. லேத்தில் நிற்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கல் குவார்ட்சைட், இறுக்கமானது, அடித்தால் கூரான விளிம்போடு உடையும்.

பக்கத்திலேதான் அத்திரம்பாக்கம். 1863இல் பல்லாவரத்தில் இப்படி இரு முகமும் தட்டிய கைக்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் இங்கேயும் வந்தார். பின்னாளில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் இங்கே அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். அடியிலிருந்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள்.

எப்படிக் கணக்கிட்டார்கள்? மேசையைப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளரில் ஒரு டீ, தடித்த மண்குவளையில் ஒரு டீ. ஒரே சூட்டில் ஊற்றினாலும் டம்ளர் சீக்கிரம் ஆறும். இரண்டின் சூட்டையும் தொட்டுப் பார்த்தால், ஊற்றி எவ்வளவு நேரமானது என்று சொல்லிவிடலாம். வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸுக்குள் விண்கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்கப் பொருள்கள் உருவாகின்றன. கல் ஆழமாக மண்ணில் புதைந்ததும் கதிர் வரத்து அநேகமாக நின்றுவிடும். பிறகு இரண்டும் குறையும். அலுமினியம் பாதியாக ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டு, பெரிலியத்துக்கு 14 லட்சம். மிஞ்சியதன் விகிதம்தான் கடிகாரம்.

அதே குழியின் மேலடுக்குகளில் வேறு தொழில் தெரிகிறது. முதலில் கல்லைச் சுற்றிலும் செதுக்கித் தயார் செய்து, பிறகு ஒரே அடியில் வேண்டிய வடிவத்தில் சில்லு எடுக்கும் முறை. இது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு தொடங்கிவிட்டது என்று 2018இல் அதே குழு எழுதியது. அடிக்கும் முன்பே யாரோ மனத்துக்குள் ஒரு டிராயிங் போட்டிருக்கிறார்கள்! எனக்கு 15 லட்சத்தைவிட இதுதான் பெரிய செய்தி.

காப்புக்காடு என்ற ஏற்பாடு 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டத்தில் வந்தது. வெள்ளைக்காரன் எண்ணியது மரம், விறகு, வருமானம். ஆனால் காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கல் உடைக்கவும் கூடாது என்று அந்தச் சட்டம் தடுத்தது. கைக்கோடரிகளுக்கு அது யாரும் நினைக்காத காவலாக அமைந்தது. இதே கூழாங்கல் மேட்டைச் சவுடுக்கு வெட்டி லாரியில் ஏற்றினால், பல லட்சம் வருட அடுக்கு ஏதோ ஒரு ஷெட்டின் தரைக்கடியில் போய்விடும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் கல்லுக்கும் அதே கதிதான். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போனால் மிஞ்சுவது வெறும் கல்.

போகுமுன் வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. முதலில் அங்கே அரை மணி நேரம் கண்ணைப் பழக்குங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். காட்டுக்குள் டீக்கடை கிடையாது, இப்போதே இன்னொன்று சொல்லிவிடலாம்.