சோக் கம்பி ஏன் சுட்டது?

டிசம்பர் மாதத்துக் காலை நேரம். ஏற்காடு ஏரிக்கரையில் பத்தடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாத மூடுபனி. சேலத்திலிருந்து முந்திய நாள் மாலை மலையேறி வந்த ஒரு குடும்பம் ஊர் திரும்பப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார், தாத்தா வாங்கிய பழைய கார். அப்பா செல்ஃப் போடுகிறார். ‘கடக்’ என்று ஓர் ஒலி. அவ்வளவுதான். மீண்டும் போடுகிறார். மீண்டும் ‘கடக்’.

“பேட்டரி போச்சு” என்கிறார் அப்பா. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் தலையாட்டுகிறார்கள்.

குளிரில் கிளம்ப மறுக்கும் எஞ்சினுக்குச் சோக் போட்டுப் பார்க்கலாமே என்று, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் சோக் குமிழை இழுக்கப் போகிறாள். அதன் கழுத்திலுள்ள உலோகத்தைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொள்கிறாள். “அப்பா, இது சுடுதுப்பா!”

மாணவ நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். சோக் என்பது கார்புரேட்டருக்குள் செல்லும் காற்றைக் குறைத்து, பெட்ரோல் மிகுந்த கலவையை எஞ்சினுக்குத் தரும் அமைப்பு. அதை இயக்குவது வெறும் எஃகுக் கம்பி. அதில் மின்சாரத்துக்கு எந்த வேலையும் கிடையாது. ஓடாத காரில், குளிர்ந்த காலையில், அந்தக் கம்பி ஏன் சுட வேண்டும்?

வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு ஒயர்கள் செல்கின்றன. காரிலோ பெரும்பாலும் ஒன்றுதான். மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ஒயர் வழியே விளக்குக்குப் போகும். திரும்பி வருவது காரின் இரும்பு உடல் வழியாக. இதைத்தான் பட்டறைகளில் ‘எர்த்’ என்கிறார்கள். பூமிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. காரோ ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கிறது! பேட்டரியின் ஒரு முனை காரின் உடலோடு முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் அது நெகடிவ் முனை. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் சிலவற்றில் பாசிடிவ் முனையே எர்த். பழைய வண்டியில் கை வைக்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளத் தவறக் கூடாது.

எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினோடு சேர்த்து முடுக்கப்பட்டது. ஆனால் எஞ்சின் காரின் உடலைத் தொட்டுக்கொண்டு உட்காரவில்லை. அதிர்வு தெரியாமலிருக்க ரப்பர் கட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எஞ்சினையும் உடலையும் இணைக்க, செம்பு இழைகளால் பின்னிய ஒரு பட்டை உண்டு. முழங்கை நீளங்கூட இருக்காது. அடியில், எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் படியும் இடத்தில் தொங்குவதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அந்தப் பட்டை அற்றுப் போனால்? மின்னோட்டம் வேறு வழி தேடும். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் உலோகம் இன்னும் என்ன இருக்கிறது? சோக் கம்பி! ஆக்ஸிலரேட்டர் கம்பியும் துணைக்கு வரலாம். ஸ்டார்ட்டர் இழுப்பதோ நூறு ஆம்பியருக்கும் மேல். விரல் தடிமன் கேபிளில் போக வேண்டியதை ஒரு மெல்லிய எஃகுக் கம்பியில் திணித்தால் அது சுடாமல் என்ன செய்யும்? உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்று நீங்கள் பாடத்தில் படித்த ஜூல் விதிதான் அந்தப் பெண்ணின் விரலைச் சுட்டது.

இனி ஒரு கணக்குப் போடுவோம். ஜெர்மனியைச் சேர்ந்த கேயார்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியே இதற்குப் போதும். பட்டை அறவே அறுந்து போகவில்லை, பாதி இழைகள் இற்றுப் போய், முனையில் துரு ஏறியிருக்கிறது என்று கொள்வோம். அங்கே 0.02 ஓம் மின்தடை. நம் வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு எடுப்பது கால் ஆம்பியர்தான். 0.02 ஓம் குறுக்கே வந்தால் அது இழப்பது 0.005 வோல்ட். யாருக்கும் தெரியாது. காரின் ஸ்டார்ட்டருக்கு 150 ஆம்பியர் என்றால் இழப்பு 3 வோல்ட்! இருப்பதே 12 வோல்ட். பளு ஏறும்போது பேட்டரியே சற்றுத் தளரும். மீதியை வைத்துக்கொண்டு மோட்டார் ‘கடக்’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். குறைந்த மின்னழுத்தம், மிகுந்த மின்னோட்டம்: பழைய கார்களின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கூட்டிலிருந்து பிறக்கிறது.

மலைப்பாதைக்கு இதில் பங்குண்டு. சேலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கியர் மாறும்போது எஞ்சின் தன் ரப்பர் கட்டைகளின் மேல் ஒருபுறம் சாய்ந்து நிமிர்கிறது. பட்டையும் கூடவே மடிந்து நீள்கிறது. கம்பியை மடித்து மடித்து ஒடிப்பதுபோல இழைகள் ஒவ்வொன்றாய் ஒடியும். மூடுபனியின் ஈரம் இடுக்கில் புகுந்தால் செம்பும் இரும்பும் தொடும் இடமே ஒரு சிறிய மின்கலமாகிவிடும். அதில் அரிபடுவது இரும்பு.

இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இறங்குபவர் வளைவில் ஒதுங்கி, எஞ்சின் மெதுவாக ஓட, ஹெட்லைட்டை எரியவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய கார்களில் இருந்தது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது ஏறக்குறைய ஒன்றும் தராது. (பின்னர் வந்த ஆல்டர்னேட்டர் அப்போதும் ஓரளவு தரும். 1961-இல் தொடங்கிய சென்னை பாடி லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தின் பெயரை இத்தகைய கருவிகளின் மேல் பார்த்திருப்பீர்கள்.) டைனமோவும் எஞ்சினோடு முடுக்கப்பட்டதுதான், அதன் மின்னோட்டமும் அதே பட்டை வழியாகத்தான் சுற்றை முடிக்கிறது. பட்டை கெட்டால் மெதுவான ஓட்டத்தில் கிடைக்கும் கொஞ்சநஞ்சமும் பேட்டரிக்கு ஒழுங்காக வந்து சேராது. விளக்கும் வைப்பரும் பேட்டரியையே தின்னும். இழை விளக்கின் ஒளியோ மின்னழுத்தத்தைவிட மிக வேகமாக விழும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடும். மூடுபனியில், எதிரே பேருந்து வரும் வளைவில், அந்த 30 விழுக்காடு சிறிய விஷயமா?

ஏரிக்கரைக்குத் திரும்புவோம். மெக்கானிக் வருகிறார். “புது பேட்டரி வாங்கிடலாங்களா?” என்று அப்பா கேட்கிறார். “வேண்டாங்க சார். கொஞ்சம் பொறுங்க” என்கிறவர், ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் கவ்வவிட்டு, செல்ஃப் போடச் சொல்கிறார். எஞ்சின் உடனே சுழல்கிறது. பேட்டரி குற்றவாளியன்று என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது!

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். ஆனால் பட்டையின் மின்தடையை ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. நூறு இழையில் நாலு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ‘தொடர்பு சரி’ என்றே காட்டும். 0.02 ஓமை அது உணராது. அதன் சொந்த ஒயர்களின் தடையே அதைவிட அதிகம். பளு ஏறியிருக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் தொட்டுக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டினால் நல்லது. இரண்டு, மூன்று என்று ஏறினால் திருடன் அந்தப் பாதையில்தான் ஒளிந்திருக்கிறான்.

இதே நோய்க்கு வேறொரு வேடிக்கையான அடையாளமும் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளக்குக் கூட்டின் எர்த் துருப்பிடித்துவிட்டது. இண்டிகேட்டரின் மின்னோட்டம் பக்கத்துப் பல்பின் இழை வழியாக வீடு திரும்பப் பார்க்கிறது.

பெரியவர் ஒருவர் உடனில்லாமல் இவற்றில் இறங்காதீர்கள். மோதிரம், உலோகக் கடிகாரப் பட்டை ஆகியவற்றைக் கழற்றி விடுங்கள். ஸ்பானர் இரு முனைகளையும் தொட்டால் பழுக்கக் காயும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பொறி பட்டால் வெடிக்கும். கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றும் வழக்கத்தைப் போலக் கெட்ட வழக்கம் வேறில்லை. பிரிட்டிஷ் வடிவமைப்புப் பழைய கார்கள் பலவற்றில் இருந்ததே இரண்டு ஃபியூஸ். ஹெட்லைட் சுற்றுக்கு அதுவும் கிடையாது. அங்கே ஒயர் உரசினால் எரிவது ஒயர்தான்.

அம்பாசிடர் உற்பத்தி உத்தரபாராவில் 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் எர்த் பட்டை எந்தக் காருக்கும் பொதுவான பொருள். புதிது வாங்கச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. மாட்டுமுன் இரு முனைகளிலும் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை சுத்தம் செய்து, முடுக்கிய பின் மேலே வாசலின் தடவினால் ஈரம் புகாது. சோக் கம்பியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சூட்டில் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான்.