கால் தமனியில் வைத்த ஸ்டென்ட் எத்தனை காலம் தாங்கும்?

பாப்பாரப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில், காட்டுக்கும் சந்தைக்கும் நடந்தே பழகிய ஒருவருக்குச் சிறிது தூரம் சென்றதும் கெண்டைக்கால் இறுகிப் பிடித்து, நின்றவுடன் விட்டுவிடுமாயின், அதை வயோதிகத்தின் தொல்லையென்று தைலம் தேய்த்துக் காலங்கடத்தாமல், காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் அடைப்பு நேர்ந்திருக்கிறதா என்று சோதித்துவிடுவது அவசியம். பீடியும் சர்க்கரை நோயும் இதன் பிரதான காரணங்கள். 2000-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இவ்வியாதி காணப்பட்டது.

கத்தியின்றி இவ்வடைப்பை நீக்கும் மார்க்கத்தை 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சார்லஸ் டாட்டர் திறந்துவைத்தார். அழுகத் தொடங்கிய காலை வெட்டிவிட இசையாத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியை அவர் குழாய் செலுத்தி விரித்ததன் பயனாக, அம்மூதாட்டி இறுதிவரை தம் கால்களாலேயே நடமாடினார். பின்னர் பலூனும், விரித்த இடம் சுருங்காமல் தாங்கும் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயும் வந்தன.

அது எத்தனை ஆண்டு திறந்திருக்கும் என்பது வைக்கும் இடத்தைப் பொறுத்தது. இடுப்புத் தமனி அகலமானது, அசைவும் குறைவு. அங்கே ஐந்தாண்டுக்குப் பின்னும் பெரும்பாலானவை அடைபடுவதில்லை. தொடைத் தமனியோ, நாம் உட்கார்ந்து எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் வளைந்தும் முறுகியும் குறுகியும் நீண்டும் ஓயாது அலைப்புறுவதாகையால், அங்கே வைத்த உலோகத்தில் முறிவு காண்பதும், அதனுள்ளே திசு வளர்ந்து வழியைச் சுருக்குவதும் உண்டு. 2006-இல் வெளியான வியன்னா ஆய்வில், ஓராண்டுக்குள் தமனி மீண்டும் சுருங்கியது ஸ்டென்ட் வைத்தவர்களில் 37 சதவீதம். முதலில் பலூனை மட்டும் நம்பியவர்களில் 63 சதவீதம். திசு வளர்ச்சியைத் தடுக்கும் பாக்லிடாக்ஸல் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் ஐந்தாண்டு முடிவில் 66 சதவீதம் திறந்திருந்தன என்றும், வழக்கமான சிகிச்சையில் அது 43 சதவீதமே என்றும் 2016-இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. இம்மருந்தினால் மரணம் மிகுமென்று 2018-இல் எழுந்த அச்சத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது நிம்மதி தரும் செய்தி.

ஆறாத புண்ணும் ஓயாத வலியும் கண்ட கால்களில், பயன்படத்தக்க நல்ல சிரை காலிலேயே உள்ளவர்களுக்கு, அதைக்கொண்டு அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையே பலூன், ஸ்டென்ட் சிகிச்சையைவிட மேலான பலன் தந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே எந்தத் தமனியில் அடைப்பு, சிரை எப்படியிருக்கிறது என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்பது நோயாளியின் உரிமை. ஸ்டென்ட் வைத்தபின் பீடியைத் தொடர்வது அந்தச் சிகிச்சையையே வீணாக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். மாத்திரைகளை நிறுத்தாமலும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பரிசோதனையைத் தவறவிடாமலும் இருப்பவர்கள்கூட, வைத்த கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து மரத்துப்போனால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாமென்று எண்ணாமல், அந்த மணியிலேயே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.