அசல் கரையும் தீவுகள்

வட்டியைச் செலவிடலாம், அசலைத் தொடலாகாது என்பது சேமிக்கும் பழக்கமுள்ள நாம் அனைவரும் அறிந்த நெறி. அரபிக் கடலிலுள்ள லட்சத்தீவு மக்களுக்கு அந்த அசல், பவளம்.

லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மிகச் சிறிய பவள உயிரிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துக் கட்டிய கூடுகள், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து திட்டுகளாயின. அவற்றின் சிதைவு மணலாகக் குவிந்த இடமே இன்று மக்கள் வாழும் நிலம். பேரலைகளின் வேகத்தைத் தணிப்பவையும் இத்திட்டுகளே. தீவினர் கழியும் தூண்டிலும் கொண்டு சூரை மீன் பிடிக்கின்றனர். அதற்கு வேண்டிய சிறு இரைமீன்கள் திட்டு சூழ்ந்த காயலில்தான் கிடைக்கின்றன. வீடும் தொழிலும் ஒரே வைப்பை நம்பியுள்ளன.

பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பெரும்பங்கைப் பவளத்திற்கு அளிக்கின்றன. நிறத்தைத் தருபவையும் அவையே. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அளவு வெப்பம் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. கடல் விரைவில் குளிர்ந்தால் அது பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும்.

லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல் நேர்ந்தது. விரைந்து வளரும் பவளங்களுக்கும் மீண்டெழப் பத்தாண்டு அளவிலான அமைதி தேவை. முதல் இடைவெளி 12 ஆண்டுகள். அடுத்தவை 6, 8 ஆண்டுகள் மட்டுமே. அகத்தி, கட்மத், கவரத்தித் தீவுகளில் 1998 முதல் 2022 வரை நடைபெற்ற ஆய்வில், உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. சேமிக்க அவகாசம் கிடைக்குமுன் அடுத்த இழப்பு வந்துவிடுகிறது.

புவி வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் உலகப் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டிற்கு மேலும் அழியக்கூடும் என ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிவியல் குழு 2018இல் எச்சரித்தது. அரைப் பாகையின் மதிப்பு அத்தகையது.

நிலக்கரி, எண்ணெய்ப் பயன்பாட்டைக் குறைப்பதே அடிப்படைத் தீர்வு. தீவுகளுக்குச் சுற்றுலா செல்லும்போது பவளத்தின்மேல் கால் பதிக்காமலும், பவளப் பொருள்களை வாங்காமலும் இருப்பது நம் கையிலுள்ளது. பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. இவற்றால் கடல் குளிர்ந்துவிடாது. எனினும், வெப்பத்தில் தப்பிய பவளம் நம்மால் அழியாதிருக்கும். எஞ்சியுள்ள அந்த அசலிலிருந்துதான் திட்டுகள் மீண்டும் வளர இயலும்.