பூஞ்சையையே முந்தும் பிஞ்சு நகம்... தெரியுமா?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் ஆரணி முதல் கும்மிடிப்பூண்டி வரை வாசலெல்லாம் சேறுதான். பெரியவர்களுக்குக் கால் இடுக்கில் சேற்றுப்புண், கட்டைவிரலில் மஞ்சள் பூத்த சொத்தை நகம். "ஐயையோ, பிள்ளைக்கும் ஒட்டிக்குமோ?" என்று பதறும் அம்மாக்களே, இதைப் படியுங்கள்!

நூற்றில் ஒன்றுகூட இல்லை!
1997-ல் வட அமெரிக்காவில் 18 வயதுக்கு உட்பட்ட 2,500 பேரின் நகங்களை டாக்டர்கள் சோதித்தார்கள். நகப்பூஞ்சை இருந்தது வெறும் 0.44 சதவீதம் பேருக்கு! பெரியவர்களிலோ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. 70 வயதைத் தாண்டினால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு!

ரகசியம் வேகத்தில்!
பூஞ்சை நகத்துக்குள் மெல்ல மெல்லத்தான் ஊரும். பிள்ளைகளின் நகமோ கிடுகிடுவென வளர்ந்து அதை வெளியே தள்ளிவிடும். நகத்தின் பரப்பும் சிறிது, அடிபட்ட பழைய காயங்களும் குறைவு. பெரியவர்களின் கால் கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும்!

35 வருஷம் ஒரே நகத்தை அளந்தவர்!
அமெரிக்க டாக்டர் வில்லியம் பீன் 1941-ல் தொடங்கி, மாதாமாதம் முதல் தேதியன்று தன் கைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறி, அது நுனிக்கு வரும் நாளைக் குறித்துவைத்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது, 67 வயதில் 0.095 ஆகக் குறைந்துபோனது. வயது ஏற ஏற நகமும் சோம்பேறி!

கொழும்பில் சிக்கிய கில்லாடி!
இன்று உலகெங்கும் கால் நகங்களைக் கெடுக்கும் பூஞ்சைகளில் முதலிடம் 'டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம்'. இலங்கையில் வேலை பார்த்த இத்தாலிய டாக்டர் ஆல்டோ காஸ்டெல்லானி 1910-ல் இதை உலகுக்கு விவரித்தார். அதுவும் எங்கிருந்து? தொடை இடுக்குப் படர்தாமரையிலிருந்து!

ஷூவைக் கழற்றுங்கள், துப்பு கிடைக்கும்!
அபூர்வமாகப் பிள்ளைக்கு வந்துவிட்டால்? முதலில் வீட்டுப் பெரியவர்களின் காலைப் பாருங்கள்! சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் அப்பா சேஃப்டி ஷூவைக் கழற்றும்போது சாக்ஸ் வியர்வையில் பிழியப் பிழிய நனைந்திருக்கும். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரியும். நகத்தின் நுனி தடித்து, கீழே மாவு மாதிரி உதிரும். பூஞ்சை செழிக்க வேறென்ன வேண்டும்? அதே பாத்ரூம் ஈரத்தில், அதே மிதியடியில், அதே நகவெட்டியில் அது பிள்ளைக்குத் தாவலாம்.

கெட்ட நகமெல்லாம் பூஞ்சை அல்ல!
'தக்காளிக் காய்ச்சல்' என்று ஊரே அலறும் கை-கால்-வாய் நோய் வந்துபோன ஒன்றிரண்டு மாதத்தில் சில பிள்ளைகளுக்கு நகம் அப்படியே கழன்றுவிடும்! வலிக்காது, மருந்தும் வேண்டாம், தானே முளைக்கும். வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவதில்லை, எங்கோ லேசாக இடித்துக்கொண்டதன் தழும்புதான். விரல் சூப்பும் குழந்தைக்கு நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்தால் அது நகச்சுற்று.

சுரண்டிப் பார்த்தால் தெரியும்!
நகத்துகள் மீது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டால் நகச்சத்து கரைந்து, பூஞ்சை இழைகள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்குமுன் இந்தச் சோதனைதான் முதல் வேலை. உண்மையிலேயே பூஞ்சை என்றால் பிள்ளையோடு அப்பாவும் தோல் டாக்டரிடம் காலைக் காட்ட வேண்டும். ஒருவர் குணமாகி இன்னொருவர் பூஞ்சையோடு நடமாடினால், கதை மறுபடியும் முதலிலிருந்து!

இன்றே செய்ய வேண்டியது: ஆளுக்கொரு நகவெட்டி, தினம் துவைத்த பருத்தி சாக்ஸ், குளித்ததும் விரலிடுக்கில் ஈரம் போகத் துடைப்பது. செலவு பிள்ளைக்கு வாங்கித் தரும் சாக்லேட் காசுதான்!