நுரை இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது?

முழுப்பரீட்சை லீவில் திருச்செந்தூருக்குப் புறப்பட்டபோது, துணிப்பைக்குள் யாருக்கும் தெரியாமல் என் தூண்டிலையும் சுருட்டி வைத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பத்து வயது. வத்திராயிருப்புப் பிள்ளைகளுக்குத் தூண்டில் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளவக்கல் அணைத் தண்ணீர் வந்து கண்மாய் பெருகிவிட்டால் கரை முழுக்க நாங்கள்தான். ஒரு நரம்பு, ஒரு முள், நடுவில் ஒரு தக்கை. முள்ளில் மண்புழு. தக்கை முங்கினால் ஜிலேபியோ கெளுத்தியோ மாட்டியிருக்கும்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் அன்று சாயங்காலம் நல்ல கூட்டம். கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போகிறவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், சுண்டல் விற்பவர்கள். கூட்டம் குறையும் இடம்வரை நடந்துபோய்த் தூண்டிலை எறிந்தேன். அடுத்த அலை தக்கையைத் தூக்கிவந்து என் காலடியிலேயே போட்டது. ஐந்து முறை எறிந்தேன், ஐந்து முறையும் அப்படியே.

கொஞ்ச தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த வயதான மீனவர் இதைப் பார்த்துவிட்டார். "எலேய் தம்பி, இது கம்மா இல்ல, கடலு. தக்கையக் கழட்டிட்டு ஈயக்குண்டக் கட்டு" என்றார்.

தக்கை ஏன் திரும்பி வந்தது? கடலுக்குள் சற்றுத் தொலைவில் மிதக்கும் ஒரு பூமாலையைக் கவனித்துப் பாருங்கள். அலை வரும்போது மேலே ஏறும், போனதும் கீழே இறங்கும், ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். அங்கே அலையோடு முன்னால் ஓடுவது தண்ணீர் அல்ல, காற்று கொடுத்த ஆற்றல். தண்ணீர் இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் சுற்றிக்கொள்கிறது. கரை நெருங்க நெருங்க ஆழம் குறைவதால், அந்த வட்டத்தின் அடிப்பகுதி தரையில் உரசுகிறது. அலையின் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது, கடைசியில் தலை குப்புறக் கவிழ்கிறது. மூன்றடி உயர அலை ஏறக்குறைய நான்கடி ஆழத்தில் உடைந்துவிடும். உடைந்த பிறகுதான் தண்ணீர் நிஜமாகவே கரையை நோக்கிப் பாய்கிறது. என் தக்கை அந்தப் பாய்ச்சலில்தான் விழுந்திருக்கிறது. ஈயக்குண்டு அடியில் போய் மணலைப் பிடித்துக்கொள்ளும், மேலே என்ன ஆட்டம் நடந்தாலும் நரம்பு நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அலை உடைகிற இடம் ஆழத்தைப் பொறுத்தது என்றால், வெள்ளை நுரையைப் பார்த்தே கடலின் அடித்தரையைச் சொல்லிவிடலாம் இல்லையா? நுரை பொங்கும் இடத்தில் அடியில் மணல்மேடு. நுரை இல்லாமல் கரும்பச்சையாக அமைதியாகத் தெரியும் இடத்தில் பள்ளம். அந்த மீனவர் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். மேட்டுக்கும் கரைக்கும் நடுவே நீளமாக ஓடும் பள்ளத்தில் அவருடைய இரை போய் விழுந்தது. அலைகள் மணலைக் கிளறும்போது புழுக்களும், மணலுக்குள் புதைந்து வாழும் குட்டி நண்டுகளும் வெளியே வருகின்றன. அவற்றைத் தின்னக் கிழங்கான் மீன்கள் அந்தப் பள்ளம் வழியாகக் கரையோரம் வருகின்றன. இருட்டும் நேரத்தில் வருகை கூடும், அந்நேரம் குளிப்பவர்கள் கூட்டமும் குறைந்திருக்கும்.

அந்த அமைதியான இடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இதைக் கவனமாகப் படியுங்கள். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் எல்லாம் எப்படித் திரும்பிப் போகும்? மணல்மேட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே கூடி, ஓர் ஓடையைப் போலக் கடலுக்குள் ஓடும். அந்த இழுப்பு சில நேரம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தொடும். ஒலிம்பிக் வீரர் நீந்துகிற வேகம் அது. அலை இல்லையே, குளிக்க வசதியாக இருக்கிறதே என்று கூட்டத்திலிருந்து விலகி அங்கே இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தபடி கையை உயர்த்தி உதவிக்குக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை பொங்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே அலையே கரைப்பக்கம் தள்ளும்.

உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் பெரிய அலை வரலாம். தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல்காற்றின் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் அப்படிப்பட்ட அலைகளில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிலையம் இதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை விடுகிறது. அந்த நாட்களில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியதாகச் செய்தி வருமே, பார்த்திருக்கிறீர்களா? சூரியனும் நிலாவும் பூமியோடு ஒரே கோட்டில் வந்து சேர்ந்து இழுப்பதால், அந்த நாட்களில் நீர் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். மக்கள் படம் எடுப்பார்கள். தூண்டில்காரர் அந்த நேரத்தில் பள்ளம் எங்கே, பாறை எங்கே என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்வார். ஆறு மணி நேரத்தில் நீர் ஏறியதும் அதே பள்ளத்துக்கு மீன் வரும்.

அன்று அந்த மீனவர் ஒவ்வொரு முறையும் ஈயக்குண்டைச் சுழற்றும் முன் முதுகுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தார். ஒரு குடும்பம் கடந்து போகும்வரை நரம்பைக் கையில் பிடித்தபடி காத்து நின்றார். அறுந்த நரம்பைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். நைலான் மக்காது, ஆமையின் துடுப்பிலும் பறவையின் காலிலும் சுற்றிக்கொள்ளும்.

அன்று அவர் கொடுத்த ஈயக்குண்டில் எனக்கு ஒரு கிழங்கான் கிடைத்தது. மணல் நிறம், கூர்மூக்கு, என் உள்ளங்கையைவிடச் சற்று நீளம். மறுநாள் விடிகாலையில் அதே இடத்துக்கு ஓடினேன். முந்தின நாள் அமைதியாக இருந்த தண்ணீரில் இப்போது நுரை பொங்கிக்கொண்டிருந்தது. இரவோடிரவாக அலைகள் மணலை நகர்த்தியிருந்தன. அவர் எனக்கு முன்பே வந்து, இருபதடி தள்ளி நின்று எறிந்துகொண்டிருந்தார்.