எயாசி ஏரிக்கரையில் ஒரு சூதாட்டம்

எயாசி ஏரிக்குப் போய்விட்டு ஏரியைச் சரியாகப் பார்க்காமல் திரும்பியவன் நான். வடக்கு டான்சானியாவில், செரங்கெட்டிக்குத் தெற்கே கிடக்கும் சோடா உப்பு ஏரி அது. ஆறுகள் உள்ளே வரும். வெளியே போக வழியில்லை. நீர் ஆவியாகிறது, உப்பு மிஞ்சுகிறது. நான் போனது வறண்ட பருவம். தண்ணீர் எங்கோ தள்ளி ஒரு கோடாகத் தெரிந்தது. காலடியில் வெடித்த வெள்ளைத் தரை.

“பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தின மனுஷங்களைப் பார்க்கப் போறீங்க” என்றார் வழிகாட்டி. அதற்குத்தானே காசு வாங்கியிருந்தார்! அவர் சொன்னது ஹட்ஸாக்களை. ஆயிரத்துச் சொச்சம் பேர். நாக்கைச் சொடுக்கிப் பேசும் அவர்கள் மொழிக்கு உறவுமொழி எதுவும் உறுதிப்படவில்லை. வேட்டை, கிழங்கு, தேன், ஆனைப்புளி என்று காட்டை மட்டுமே பெரிதும் நம்பி வாழ்வோர் இன்று சில நூறு பேர்தான்.

வேட்டையைப் பார்க்கப் போன எனக்குக் காணக் கிடைத்தது சூதாட்டம். ஆண்கள் மரப்பட்டைச் சில்லுகளை எறிகிறார்கள். எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் ஆட்டம். பந்தயப் பொருள் அம்பு, கத்தி, மணிமாலை. சோம்பேறித்தனம் என்று பட்டது.

1950களின் கடைசியிலிருந்து இவர்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜேம்ஸ் வுட்பர்ன் இதை வேறு மாதிரி வாசிக்கிறார். 1982இல் எழுதிய கட்டுரையில் சமூகங்களை ‘உடனடிப் பலன்’, ‘தாமதப் பலன்’ என்று பிரித்தார். விதைத்தவன் அறுப்புக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலிருந்துதான் வரப்பு, குதிர், வாரிசு, பெரியவர் அதிகாரம் எல்லாம் கிளைக்கின்றன. ஹட்ஸாக்கள் இன்று கிடைத்ததை இன்றே தின்கிறார்கள். பெரிய விலங்கு விழுந்தால் இறைச்சி குடியிருப்பு முழுக்கப் போகிறது. கொன்றவன் பதுக்க முடியாது. அப்படியும் ஒருவனிடம் இரும்பு அம்புகள் சேர்ந்துவிட்டால்? சூதாட்டம் அவற்றைக் கலைத்துவிடுகிறது. ஜெயித்தவன் எழுந்துபோக நினைத்தாலும் விடாமல் ஆடச் சொல்கிறார்கள். வில்லையும் பறவை அம்புகளையும் மட்டும் பணயம் வைப்பதில்லை. அவை போனால் பிழைப்பே போச்சு. சூது என்றாலே ஒருவன் மொத்தத்தையும் சுருட்டுவது என்று பழகியவர்கள் நாம்.

எனக்கு ஒரு நெருடல். ‘உடனடி’ என்ற சொல்லை வுட்பர்ன் அப்படிக் கருதவில்லைதான். ஆனாலும் வழிகாட்டியின் ‘பத்தாயிரம் வருஷ’த்தோடு அது சுலபமாக ஒட்டிக்கொள்கிறது: நேற்றும் நாளையும் இல்லாதவர்களுக்கு நிலம் எதற்கு? விதைக்காத மண் சும்மா கிடக்கிற மண்தானே? 1960களின் நடுவில் அரசு இவர்களை யாயிடா சினியில் குடியமர்த்த முயன்றது. பெரும்பாலோர் காட்டுக்கே திரும்பினார்கள். மங்கோலாப் பக்கம் ஏரிக்கரையைத் தொட்டபடி வெங்காய வயல்கள் வந்துவிட்டன. 2007இல் யாயிடா பள்ளத்தாக்கின் வேட்டை உரிமை அமீரக நிறுவனமொன்றுக்குப் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் அது விலகியது. விலங்கை வேட்டையாடித் தின்கிறவனை ஒதுக்கிவிட்டு, பொழுதுபோக்குக்குச் சுடுகிறவனுக்கு உரிமை! 2011இல் சுமார் 20,000 ஹெக்டேருக்குச் சமூக நிலச் சான்றிதழ் கிடைத்தது. எதையும் சேர்த்துவைக்காதவர்கள், அரசாங்கக் காகிதம் ஒன்றைச் சேர்த்துவைக்க வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது ஓர் இரும்பு அம்பு வாங்கினேன். சொன்ன விலையைக் கொடுத்தேன். இப்போது என் புத்தக அலமாரிமேல் கிடக்கிறது. அங்கேயே இருந்திருந்தால் இதற்குள் எத்தனையோ கை மாறியிருக்கும்.